சாகி முசுமே: படத்தில் இருப்பது பெண்ணா, பெண் வேடமா?

வாசகர் ஒருவர் கேட்டது, ஜனவரி 9

பழைய ஜப்பானிய ஓவியர் உத்தமாரோவின் 'நாரைப் பெண்' (சாகி முசுமே) மர அச்சுப் படத்தைப் பற்றி எங்கே படித்தாலும் ஜப்பானியப் பெண்ணழகு என்று உருகுகிறார்கள். ஆனால் அது கபுக்கி என்ற ஜப்பானிய மேடைக் கலையின் நடனத்தில் வரும் பாத்திரம். கபுக்கியில் பெண்களே கிடையாது, எல்லாம் ஆண்கள். அப்படியானால் படத்தில் இருப்பது வேடம் கட்டிய ஆண்தானே? இருநூறு வருஷமாக ஓர் ஆணைப் பார்த்துத்தான் பெண்ணழகு என்று சொல்லிக்கொண்டிருக்கிறோமா?

ஜனவரி 9, இரவு 11.20

இல்லை. அது நடிகர் படம் அல்ல. உத்தமாரோ 1793–94 வாக்கில் போட்ட ஒரு வரிசையில் வருவது. வரிசையின் பெயர் 'தோசெய் ஒதோரிகோ சொரோய்', அதாவது 'இந்தக் காலத்து ஆடும் பெண்கள்'. ஒதோரிகோ என்பவர்கள் ஆட்டம் கற்ற நிஜப் பெண்கள். எடோ நகரத்தில் (இன்றைய டோக்கியோ) வியாபாரிகள் தங்கள் பெண்களுக்கு ஆட்டமும் ஷாமிசென் என்ற தந்தி வாத்தியமும் சொல்லிவைத்தார்கள். ஆடத் தெரிந்தால் பிரபு மாளிகையில் வேலை கிடைக்கும், மாளிகையில் இருந்தவள் என்றால் நல்ல இடத்தில் கல்யாணம் ஆகும். மாளிகைப் பெண்களோ நினைத்தபோது நாடகக் கொட்டகைக்குப் போக முடியாது. கொட்டகையில் பேர் வாங்கிய ஆட்டங்களை இந்தப் பெண்கள்தான் உள்ளே கொண்டுபோய் ஆடிக் காட்டினார்கள். சாகி முசுமே அப்படிப் போன ஆட்டம். அதே வரிசையில் தோஜோஜி என்ற இன்னோர் ஆட்டமும் உண்டு.

ஆக, படத்தில் இருப்பது பெண்தான். இழையை மூடிவிடலாம்.

ஜனவரி 10, காலை 7.05

மூட விடமாட்டார்கள் போலிருக்கிறது. "நாரையா கொக்கா, முதலில் அதைச் சொல்லுங்கள்" என்று ஒருவர். நியாயமான கேள்வி. ஆட்டத்தில் வருவது ஷிராசாகி, வெள்ளைக் கொக்கு. ஆங்கிலத்தில் ஒருவிதமாக எழுதி, அங்கிருந்து தமிழுக்கு வரும்போது நாரை ஆகிவிட்டது. நாரை என்றால் உடனே கவிதை வந்துவிடுகிறது. கொக்கு என்றால் கொங்கணவர் வந்து நிற்கிறார். 'கொக்குப் பெண்' என்று தலைப்புப் போட்டால் யாரும் உருக மாட்டார்கள்தான், ஆனாலும் பறவை கொக்குதான். முசுமே என்றால் மகள், இளம்பெண். 'சகி முசுமே' என்று குறில் போட்டால் தோழி ஆகிவிடுகிறாள், அதனால் நெடில் போட்டிருக்கிறேன்.

ஜனவரி 10, இரவு 10.45

ரயிலில் வரும்போது யோசித்தேன். நேற்றுப் பதில் சொன்ன வேகத்தில் கேள்வியின் பாதியை விழுங்கிவிட்டேன்.

கபுக்கியைத் தொடங்கியவள் ஒரு பெண். 1603-இல் கியோட்டோவில் கமோ ஆற்றங்கரை மணலில் இசுமோ நோ ஒகுனி ஆடியதிலிருந்துதான் கதை ஆரம்பிக்கும். ஆண் உடை போட்டு, இடுப்பில் வாளோடு ஆடினாள். பெண் ஆண் வேடம் போட்டதில் பிறந்த கலை! பிறகு பெண்கள் குழுக்கள் பெருகின, அவர்களைச் சுற்றி விபசாரமும் அடிதடியும் வந்தன, 1629-இல் அரசு பெண்களை மேடையிலிருந்து இறக்கியது. அந்த இடத்துக்குப் பையன்கள் வந்தார்கள். பையன்களைச் சுற்றியும் அதே ரகளை. 1652-இல் அவர்களுக்கும் தடை. கடைசியில் முன்னந்தலை மழித்த வயது வந்த ஆண்கள் மட்டும் ஆடலாம் என்றார்கள். இவர்களில் பெண் வேடம் கட்டுகிறவர் ஒன்னகாத்தா. நம் பழைய நாடகக்காரர்கள் பாஷையில் ஸ்திரீபார்ட்.

சாகி முசுமே 1762-இல் எடோவின் இச்சிமுரா-சா கொட்டகையில் முதலில் ஆடப்பட்டது. ஆடியவர் இரண்டாம் செகாவா கிகுனோஜோ, ஒன்னகாத்தா. அவர் பெயருக்கு எடோவில் எப்படி ஒரு மவுசு இருந்தது என்றால், அவருடைய புனைபெயர் ரோகோ, அவர் உடுத்திய பச்சை கலந்த ஒரு பழுப்பு நிறத்துக்கு ரோகோ-சா என்றே பெயர் வந்து, ஊர்ப் பெண்கள் எல்லாம் அந்த நிறத்தில் கிமோனோ தேடி வாங்கினார்கள். புடவைக் கடையில் 'அந்த நடிகை கட்டின கலர்' என்று கேட்போமே, அதேதான். இங்கே நடிகை ஓர் ஆண் என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

இப்போது உத்தமாரோ படத்துக்கு வாருங்கள். முப்பது வருஷம் கழித்து ஒரு பெண் சாகி முசுமே ஆடுகிறாள். கையை எப்படி மடக்க வேண்டும், குடையை எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும், தலையை எவ்வளவு திருப்ப வேண்டும் எல்லாம் ஓர் ஆணின் உடம்புக்காகக் கட்டப்பட்ட அடவுகள். பெண்களைப் பார்த்து ஆண் செய்தான். அவனைப் பார்த்துப் பெண் செய்கிறாள். அவளைப் பார்த்து உத்தமாரோ வரைகிறார். அச்சில் வந்ததை வாங்கிப் போய் இன்னொரு பெண் கண்ணாடி முன்னால் நின்றுகொள்கிறாள். ஒரு படத்தின் விலை ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸின் விலையை ஒட்டித்தான் இருந்தது, வாங்க முடியாத பொருள் இல்லை.

கேள்வி கேட்டவர் பாதி சரி என்று சொல்லிவிடுகிறேன். எந்தப் பாதி என்பது பிறகு.

ஜனவரி 13, மதியம் 2.10

"உங்களுக்கு இதில் எப்படி இவ்வளவு ஆர்வம்?" என்று கேட்டிருக்கிறார்கள். ஆர்வம் எனக்கு இல்லை, மகளுக்கு. நாங்கள் இருப்பது டோக்கியோவில் நிஷி-கசாய் பக்கம். பள்ளித் தோழி போகிறாள் என்று இவளும் நிஹோன் புயோ கற்கப் போனாள். ஜப்பானிய மரபு நடனம், கபுக்கி ஆட்டங்கள்தான் அதன் பாடத்திட்டம். வயது பதினொன்று. ஆசிரியை எழுபதைத் தாண்டியவர்.

முதல் நாள் பாடம்: ஒரு தாளை நாலாக மடித்து முழங்கால்களுக்கு நடுவே வைத்தார். தாள் விழாமல் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடக்க வேண்டும். கால்விரல்கள் சற்று உள்பக்கம் திரும்பியிருக்க வேண்டும், முழங்கால் எப்போதும் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். அப்புறம் முதுகில் கை வைத்து இரண்டு தோள்பட்டை எலும்புகளையும் ஒன்றோடொன்று சேர்க்கச் சொன்னார். சேர்த்தால் தோள் தானாகக் கீழே இறங்கும். கழுத்து நீளும். எழுந்து செய்து பாருங்கள், இரண்டு நிமிஷத்தில் முதுகு வலிக்கும்.

இதெல்லாம் ஒன்னகாத்தாக்கள் அகன்ற தோளையும் உயரத்தையும் மறைக்கக் கண்டுபிடித்த வித்தைகள். பதினொரு வயதுப் பெண்ணுக்கு மறைக்க என்ன இருக்கிறது? தோளே இல்லை. வீட்டுக்கு வந்து அவள் கேட்டாள்: "அம்மா, நான் பொண்ணுதானே? நான் எதுக்குப் பொண்ணா நடிக்கணும்?"

அன்றைக்கு நான் சொன்ன பதில் "போய்க் கை கழுவிட்டு வா."

ஜனவரி 13, மாலை 6.30

தாள் ஐந்தாவது அடியில் விழுந்துவிட்டது என்று நாலு பேர் எழுதியிருக்கிறீர்கள். என் வீட்டுக்காரருக்கு மூன்றாவது அடியில் விழுந்தது. செய்துபார்த்ததற்கு நன்றி.

ஜனவரி 19, இரவு 9.50

ஹராஜுகு பக்கம் மர அச்சுப் படங்களுக்கென்றே ஒரு சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது, இன்று போனேன். வெளிச்சம் மங்கலாகத்தான் வைப்பார்கள், இந்தச் சாயங்களுக்கு வெளிச்சமே எமன். ஒரு படத்தை வருஷத்தில் சில வாரங்கள் வெளியில் வைப்பதே அதிகம்.

படங்களைப் பார்த்து நிற்கும்போது உத்தமாரோவுக்கு முந்திய ஓவியர் ஹருனோபு ஞாபகம் வந்தது. முழு வண்ண அச்சு 1765-இல் அவர் கையில்தான் மலர்ந்தது, 1770-இல் இறந்துவிட்டார். பனியில் ஒரே குடையின் கீழே நடக்கும் காதலர் படம் அவருடையது: ஒருவர் முழுக்கக் கறுப்பு, மற்றவர் முழுக்க வெள்ளை. காகமும் கொக்கும் என்று அதற்கு ஒரு பெயர் உண்டு. கிகுனோஜோ கொக்காக ஆடிச் சில வருஷங்களே ஆன காலம். பனி, குடை, வெள்ளை உடை மூன்றும் சேர்ந்தால் பார்க்கிறவனுக்கு மேடை ஞாபகம் வராமல் இருந்திருக்குமா?

அந்த வெள்ளையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். புத்தகத்தில் பார்த்தபோது அது வெறும் காகிதம், வண்ணம் பூசாமல் விட்ட இடம் என்று நினைத்திருந்தேன். இப்படிப்பட்ட படத்தின் முன்னால் கொஞ்சம் குனிந்து, பக்கவாட்டில் தலையைச் சாய்த்துப் பாருங்கள். வெள்ளைக்குள் மடிப்புகள் எழும்பி நிற்கும். அது காராசுரி. மை தடவாத கட்டையின் மேல் ஈரக் காகிதத்தை வைத்து அழுத்தி எடுப்பது. நேரே நின்று பார்த்தால் ஒன்றும் இல்லை, சாய்ந்து பார்த்தால் துணி. காவலாளி ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் ஏதோ முதுகுவலிக்காரி என்று நினைத்திருப்பார்.

போன வருஷம் ஒரு பட்டறையில் இதைச் செய்துபார்த்தேன். மூங்கில் உறை சுற்றிய வட்டத் தேய்ப்பானுக்கு பாரென் என்று பேர். வண்ணத்துக்கு அது போதும். காராசுரிக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தவர் முழங்கையை வைத்து அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். எழும்பியது என் முழங்கைச் சுருக்கம்தான், மடிப்பு அல்ல.

இன்னொன்று. இந்தப் படங்களில் பெண்ணையும் பெண் வேட நடிகரையும் பிரித்துப் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. மழித்த முன்னந்தலையை மறைக்க ஒன்னகாத்தாக்கள் நெற்றிக்கு மேலே ஊதா நிறத் துணி ஒன்றைப் போட்டுக்கொள்வார்கள். ஊதாத் துணி இருந்தால் ஆண். இல்லாவிட்டால் பெண்.

ஜனவரி 20, காலை 8.15

மேலே எழுதிய 'எளிய வழி'யை நம்பி யாரும் பந்தயம் கட்டாதீர்கள். நேற்று நானே ஏமாந்திருக்கிறேன். ஒரு படத்தின் முன்னால் நின்று "ஊதா இல்லை, ஆகவே பெண்" என்று மகளுக்கு வகுப்பெடுத்தேன். கைப்பேசியில் எடுத்து வைத்த விளக்கச் சீட்டை வீட்டில் நிதானமாகப் படித்தால் அது நடிகர். துணி இருக்கிறது, ஊதாதான் இல்லை. அந்தக் காலத்து ஊதா பல படங்களில் குசும்பாப்பூச் சிவப்பையும் த்சுயுகுசா என்ற பூவின் நீலத்தையும் கலந்து செய்தது. அந்த நீலம் வெளிச்சத்துக்கும் ஈரத்துக்கும் நிற்காது. நீலம் போனால் ஊதா பழுப்பாகிவிடும். நெற்றியில் பழுப்பாக ஏதோ இருந்தது, நான் முடி அலங்காரம் என்று எண்ணிவிட்டேன்.

ஆக, சாயம் மங்கினால் ஆண் பெண்ணாகிவிடுகிறான்.

ஜனவரி 27, இரவு 11.00

"எல்லாப் பெண்ணுக்கும் ஒரே முகமாக இருக்கிறதே, இதில் என்ன அழகு?" என்று கேட்டவருக்கு.

ஒரே முகம் இல்லை, ஆனால் ஒரே முகம் மாதிரிதான். உத்தமாரோவின் 'மூன்று அழகிகள்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள், 1793 வாக்கில் வந்தது. மூவருமே ஊரறிந்த பெண்கள்: தொயோஹினா பாட்டில் பேர் வாங்கிய கெய்ஷா, ஒகித்தா தேநீர்க் கடைப் பெண், ஒஹிசா அரிசி அப்பளக் கடைக்காரர் மகள். முதல் பார்வைக்கு மூவரும் ஒரு தாய் மக்கள். கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தால் ஒருத்தியின் மூக்குத் தண்டு சற்று நிமிர்ந்திருக்கும், ஒருத்தியின் புருவம் வேறு மாதிரி இருக்கும். அதுவும் பிடிபடவில்லை என்றால் உடையிலும் விசிறியிலும் உள்ள குலச் சின்னத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். 1793-இல் விலைமாதர் அல்லாத பெண்களின் பெயரைப் படத்தில் போடக் கூடாது என்று அரசு உத்தரவு போட்டது, பெயரைப் பட விடுகதையாகப் போட்டுச் சமாளித்தார்கள். 1796-இல் விடுகதைக்கும் தடை. 1800-இல் பெண்களின் பெரிய தலைப் படங்களுக்கே தடை. ஒரு முகத்துக்கு எத்தனை உத்தரவு பாருங்கள்.

இதே காலத்தில், 1794-இல், இந்த 'மூன்று அழகிகள்' படத்தைப் போட்ட அதே பதிப்பாளர் த்சுதாயா ஜூசபுரோ இன்னொருவரையும் அச்சில் போட்டார்: ஷராக்கு. இவர் வரைந்தது நடிகர்களை. மூன்றாம் கிகுனோஜோவைப் பெண் வேடத்தில் வரைந்திருக்கிறார். நாற்பது தாண்டிய ஆள் என்பது முகத்தில் தெரிகிறது. பெண்ணின் உடை, பெண்ணின் கொண்டை, உள்ளே ஓர் ஆண் அமைதியாக உட்கார்ந்திருக்கிறார். மறைக்கவில்லை, கேலியும் செய்யவில்லை. 'உள்ளதை உள்ளபடி வரையப் போய் ஓரிரு வருஷத்தில் காணாமல் போனார்' என்ற தோரணையில் அக்கால எழுத்தாளர் ஓதா நன்போ எழுதிவைத்தார். பத்து மாதத்தில் 140-க்கு மேல் படங்கள், பிறகு ஆளையே காணோம்.

கேள்வி கேட்டவருக்கு இதைத்தான் காட்ட நினைத்தேன். நீங்கள் தேடும் 'வேடம் கட்டிய ஆண்' ஷராக்கு படத்தில் இருக்கிறார். அதை யாரும் பெண்ணழகு என்று சொல்லவில்லை. உத்தமாரோவிடம் இருப்பது நிஜப் பெண், ஆனால் அவள் நிற்கிற நிற்பு ஆணிடமிருந்து வந்தது. பாதி சரி என்று 10-ஆம் தேதி சொன்னது இந்தப் பாதி.

ஜனவரி 28, காலை 7.40

அரிசி அப்பளம் என்று நான் எழுதியது செம்பே. "அப்பளம் இல்லை, தட்டை" என்று சமையல் கட்சி கிளம்பியிருக்கிறது. தட்டை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்த இழையில் இதற்குத்தான் அதிகம் பதில் வந்திருக்கிறது.

பிப்ரவரி 3, நள்ளிரவு 12.30

மேடையில் ஆடியதைப் படம்பிடித்துத் திரையரங்கில் போடுவார்கள். இன்று தமாசபுரோ ஆடிய சாகி முசுமே பார்த்தேன். பந்தோ தமாசபுரோ 1950-இல் பிறந்தவர், நம் காலத்து ஒன்னகாத்தாக்களில் முதல் பெயர். சாகி முசுமேயை இனி முழுசாக ஆடுவதில்லை என்று 2009-இல் நிறுத்திக்கொண்டார். முதுகுக்கு அவ்வளவு கடினம்.

பனி விழும் குளக்கரை. வெள்ளைக் கிமோனோ, கறுப்பு இடுப்புப்பட்டை, தலையில் மணப்பெண்ணின் வெள்ளை முக்காடு, கையில் குடை. நிற்பது பெண்ணா கொக்கா என்று முதல் சில நிமிஷங்கள் தெரியாது. ஒரு காலை மெல்லத் தூக்கி வைக்கும்போது கொக்கு. தலையைச் சாய்க்கும்போது பெண். பிறகு ஒரு கணத்தில் வெள்ளை முழுக்க உதிர்ந்து சிவப்பு. மேல் உடையை நூலால் லேசாகத்தான் ஒட்டுத்தையல் போட்டிருப்பார்கள். பின்னால் குனிந்து வரும் உதவியாளர் நூலை உருவிவிடுவார், சரியான தாளத்தில் இழுப்பார். ஹிகினுகி என்று பெயர். இப்படி இன்னும் சில மாற்றங்கள். முடிவில் மறுபடி வெள்ளை, சிறகு அடித்து, முதுகை வில்லாகப் பின்னே வளைத்து, பனியில் சரிந்து சாகிறது.

அச்சுப் படத்தால் செய்ய முடியாதது இந்த ஹிகினுகி. படத்தில் வெள்ளை என்றால் வெள்ளைதான், சிவப்பாக முடியாது. அதனால்தானோ என்னவோ மர அச்சுக்காரர்கள் கிமோனோவின் ஓரத்தில், கைவாயில், கால் பக்கத்தில் உள்ளே இருக்கும் சிவப்பு ஒரு விரற்கடை தெரியும்படி வைக்கிறார்கள். அடுத்தது என்ன என்று கொட்டகைக்குப் போனவனுக்குத் தெரியும். இது என் ஊகம், ஆதாரம் கேட்காதீர்கள். சிவப்பு உள்ளாடை தெரிவது அந்தக் காலத்துக் கவர்ச்சி என்பது சாதாரண விளக்கம், அதுவும் உண்மைதான்.

பிப்ரவரி 4, இரவு 8.20

நேற்று ராத்திரி உருகி எழுதியதில் ஒரு ஓட்டை. சாவு முடிவு 1762-இல் இருந்தது போல எழுதிவிட்டேன். பழைய முடிவு வேறு: கொக்குப் பெண் நரக வேதனையைச் சொல்லி ஆடி, கடைசியில் சிவப்புத் துணி விரித்த படிமேடை மேல் ஏறி நிமிர்ந்து நிற்பாள். சாகமாட்டாள். 1922-இல் ரஷ்ய நடனக்காரி அன்னா பாவ்லோவா ஜப்பானுக்கு வந்து சாகும் அன்னத்தை ஆடினார். கபுக்கியின் ஆறாம் ஒனோயே கிகுகோரோ போன்றவர்கள் பார்த்து வியந்தார்கள். கொக்கு பனியில் விழுந்து சாக ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

எனக்கு இதில் ஒரு அற்ப சந்தோஷம். 1629-இல் கீழே இறக்கிய பெண், முந்நூறு வருஷம் கழித்து ரஷ்யாவிலிருந்து கப்பலில் வந்து, ஆண் உடம்பின் வழியாக மறுபடி மேடை ஏறியிருக்கிறாள்.

உத்தமாரோவின் பெண் ஆடியது சாகாத கொக்கு. அந்தப் படத்தில் 'மரணத்தின் சோகம்' தெரிகிறது என்று நான் முன்பு எங்கேயோ எழுதியிருக்கிறேன். தேடிக் கண்டுபிடிக்க வேண்டாம்.

பிப்ரவரி 16, மாலை 5.00

மகளுக்கு மார்ச் அரங்கேற்றத்துக்கு ஃபுஜி முசுமே கொடுத்திருக்கிறார்கள். ஃபுஜி என்பது இங்கே மலை இல்லை, விஸ்டீரியா கொடி, ஊதாப் பூக்கள் சரம் சரமாகத் தொங்கும். கறுப்பு அரக்குத் தொப்பி, தோளில் பூங்கிளை.

இதன் கதை எதிர்த்திசையில் போகிறது. ஓட்சு என்ற ஊரில் வழிப்போக்கர்களுக்கு மலிவாக விற்ற நாட்டுப்புறப் படங்களில் ஒன்று பூங்கிளை ஏந்திய பெண். நல்ல வரன் அமையும் என்று வாங்கிப் போவார்களாம். 1826-இல் இரண்டாம் செகி சான்ஜூரோ அந்தப் படத்திலிருந்து பெண் இறங்கி வந்து ஆடுவதாக ஆட்டம் கட்டினார். படம் முதலில், ஆட்டம் பிறகு. அப்புறம் ஆட்டத்தைப் பார்த்து மறுபடி படங்கள். 1842-இல் நடிகர் படங்களை அச்சிடக் கூடாது என்று தடை வந்தபின், 1853-இல் மர அச்சு ஓவியர் குனியோஷி ஒரு குறும்பு செய்தார். ஓட்சு படங்கள் உயிர்பெற்றுக் குதித்து வருவதாக வரைந்து, அவற்றுக்கு நடிகர்களின் முகச் சாயலை வைத்துவிட்டார். பூப்பெண்ணும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறாள். பிரச்சினை ஆயிற்று.

இன்று எல்லாரும் ஆடுவது 1937-இல் ஆறாம் கிகுகோரோ மாற்றியமைத்தது, மேலே சொன்ன அதே ஆள். ஆளோ நல்ல பருமன். மேடையில் பெண்ணாகச் சின்னதாகத் தெரிய என்ன செய்வது? உடம்பை இளைக்கவில்லை. ஒரு பிரம்மாண்டமான பைன் மரத்தை நிறுத்தி, ஒவ்வொரு பூச்சரத்தையும் அசாத்திய நீளத்துக்குத் தொங்கவிட்டார். அதன் முன்னால் நின்றால் யாரும் குட்டிப் பெண்தான். என் மகள் நின்றால் எறும்பு மாதிரி இருப்பாள் என்று ஆசிரியையிடம் சொன்னேன். சிரிக்கவில்லை.

உடை வாடகை, பொய்முடி, ஒப்பனையாள், உடுத்திவிடுகிறவர், மேடை, எல்லாருக்கும் அன்பளிப்பு உறை. தொகையை எழுதினால் என் மாமியார் படித்துவிடுவார். முதலில் சொன்ன தொகை ஒன்று, கடைசியில் வந்தது இன்னொன்று, அவ்வளவோடு விடுகிறேன்.

பிப்ரவரி 17, காலை 6.50

"ஒப்பனைக்கு முகத்தில் பூசும் அந்த வெள்ளைப் பூச்சு குழந்தைக்கு நல்லதா?" என்று கேட்ட அம்மாவுக்கு: இப்போது ஈயம் இல்லை, கழுவினால் போய்விடும். முன்பு ஈய வெள்ளைதான். பெண் வேடத்தில் பேர்போன ஐந்தாம் உத்தாயெமோன், 1887-இல் மெய்ஜி பேரரசர் முன்னால் நடிக்கும்போது ஈய நஞ்சால் கால் நடுங்கி நிற்க முடியாமல் போனார். பிற்காலத்தில் நடக்கவே சிரமப்பட்டார். அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் ஈயம் இல்லாத பூச்சு வேண்டும் என்ற பேச்சே எழுந்தது. மர அச்சுப் படத்தில் முகம் வெறும் காகிதத்தின் வெள்ளை. பூச்சும் இல்லை, நஞ்சும் இல்லை.

மார்ச் 2, இரவு 10.10

இருபதாம் நூற்றாண்டுப் படங்களை விட்டுவிட்டீர்களே என்கிறார்கள். ஒசாகாவின் கித்தானோ த்சுனெதோமி 1925-இல் போட்ட சாகி முசுமே ஒன்று போதும் எனக்கு. குடையின் கீழே வெள்ளை உடையில் இருக்கிறாள், அவ்வளவுதான். பாவ்லோவா வந்து போய் மூன்று வருஷம். பார்க்கப் பார்க்கக் குளிரும்.

தோரீ கொதோந்தோவைப் பற்றியும் இரண்டு வரி. கபுக்கி கொட்டகைகளுக்கு விளம்பரப் பலகை வரையும் தோரீ பரம்பரையின் எட்டாம் தலைமுறை. பரம்பரைத் தொழில் நடிகர்களை வரைவது, ஆனால் 1930-ஐ ஒட்டி அவர் போட்ட பெண் படங்களில் தலை வாரும் பெண், குளித்து வரும் பெண், மேடையே கிடையாது. தலைமுடி ஒவ்வொன்றாகச் செதுக்கியிருக்கும், அதற்கென்றே தேர்ந்த செதுக்காளர் இருப்பார், காட்டுச் செர்ரிக் கட்டையில் மயிரிழை. கொதோந்தோவுக்குப் பின் ஒன்பதாம் தலைமுறையாக வந்தவர் அவருடைய மகள் தோரீ கியோமித்சு, அந்தப் பரம்பரையின் முதல் பெண் தலைவர், 2021-இல் காலமானார். பெண்கள் ஏற முடியாத மேடைக்கு வெளியே, பெண் வேட நடிகர்களைப் பலகையில் நெடுங்காலம் வரைந்தவர் ஒரு பெண்.

மார்ச் 23, இரவு 11.40

அரங்கேற்றம் முடிந்தது. காலை ஏழு மணிக்கு ஒப்பனை அறை. என்னைக் கதவோரம் நிற்கவைத்துவிட்டார்கள். முதலில் மெழுகு, பிறகு தட்டைத் தூரிகையால் கழுத்து, முகம், முதுகின் மேல்பாதி வரை வெள்ளை. புருவம் மறைந்தது, உதடு மறைந்தது. வேறு புருவம் வேறு இடத்தில் வந்தது, வாய் பாதியாகச் சுருங்கியது. பொய்முடியை வைத்ததும் கழுத்து ஒருமுறை ஆடியது, "கனமா இருக்கு" என்று தமிழில் சொன்னாள். அந்த அறையில் அவள் குரல் மட்டும்தான் எனக்கு அடையாளம்.

பின்கழுத்தில் மட்டும் முடியின் அடியில் இரண்டு கால் போலப் பூசாமல் தோலை விட்டார்கள். கிமோனோவின் கழுத்துப்பட்டை பின்னால் இறங்கியிருக்கும், அங்கேதான் பார்வை போகும். உத்தமாரோவும் பெண்ணின் பின்கழுத்தை அப்படி ஆசையாக வரைவார். அந்தப் படங்களில் அந்தத் தோல் காகித நிறம். இங்கே அது எங்கள் வீட்டு மாநிறம், வெள்ளைக்கு நடுவே இரண்டு கோடு பளிச்சென்று. பூசிக்கொண்டிருந்தவர் ஒரு நொடி தூரிகையை நிறுத்தினார். அதையும் மூடிவிடலாமா என்று யோசிக்கிறார் போல. ஆசிரியை தலையை ஆட்டினார், வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.

ஆட்டம் நன்றாக வந்தது, தொப்பி ஒருமுறை சரிந்தது. கும்பகோணத்தில் பாட்டி கைப்பேசியில் பார்த்துவிட்டு "எங்கடி நம்ம குழந்தை?" என்றார். முதுகுப் பக்கம் எடுத்த படத்தை அனுப்பினேன். "ஆங், இது நம்மது."

முழங்கால் தாள் இன்னும் அவள் பையில் இருக்கிறது. நாளை பள்ளி விடுமுறை.